திரும்பி வராத பொம்மைகள்: மழலைப் பொம்மைகளைத் திரும்பப் பெறும் நடைமுறை குறித்து ஒரு விவாதம்

1999 டிசம்பர் 27 அன்று பர்கர் கிங் நிறுவனமும் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் ஓர் அறிவிப்பை வெளியிட்டன. போக்கிமான் திரைப்படத்தை ஒட்டிக் குழந்தைகளுக்கான உணவோடு கொடுக்கப்பட்ட பிளாஸ்டிக் பந்துகள், இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவை, திரும்பப் பெறப்படுகின்றன. பந்தைத் தூக்கி எறிந்துவிடுங்கள், அல்லது கடையில் கொடுத்துவிட்டு ஒரு சிறு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். ஏழு செ.மீ. அளவு விட்டமுள்ள அந்தப் பந்து இரண்டு கிண்ணங்களாகப் பிரியும். உள்ளே ஒரு சின்ன பொம்மை இருக்கும். அறிவிப்புக்குப் பதினாறு நாள் முன்பு கலிபோர்னியாவின் சொனோராவில் 13 மாதப் பெண் குழந்தையின் மூக்கையும் வாயையும் பந்தின் ஒரு பாதி கவ்விக்கொண்டதில், குழந்தை மூச்சுமுட்டி இறந்திருந்தது. டிசம்பர் 23 அன்று கான்சாஸில் 18 மாதக் குழந்தை ஒன்றுக்கும் அதே கதி நேரவிருந்தது. பாதியைப் பிடுங்கி எடுத்ததால் பிழைத்தது. செய்தி நாடெங்கும் பரவியது. ஆயினும் 2000 ஜனவரி 25 அன்று இண்டியானாபொலிஸில் 4 மாத ஆண் குழந்தை படுக்கையில் இறந்து கிடந்தது. படுக்கையில் பந்தின் பாதியும் இருந்தது. திரும்பப் பெறும் அறிவிப்பு வந்து அப்போது நான்கு வாரம் கடந்திருந்தது.

பொம்மைப் பாதுகாப்பைப் பற்றிய எழுத்துகளில் இந்த நிகழ்வு பெரும்பாலும் ஒரு சோகக் கதையாகவே வந்துபோகிறது. எனக்கு அது ஒரு நடைமுறையின் குறுக்குவெட்டுத் தோற்றமாகப் படுகிறது. சிறு பாகங்களைக் கண்டறியும் சோதனை ஒன்று இருந்தது; அந்தப் பந்து அதில் சிக்கும் அளவுக்குச் சிறியதல்ல. அறிவிப்பு இருந்தது, நான்கு மாதக் குழந்தை இருந்த வீட்டில் அது எதையும் மாற்றவில்லை. பரிகாரம் இருந்தது, அதன் மதிப்பு ஒரு கை வறுவல். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. திரும்பப் பெறுதல் என்பது அடிப்படையில் கடைகளையும் கிடங்குகளையும் சுத்தம் செய்யும் கருவி. அந்த வேலையை அது ஒழுங்காகவே செய்கிறது. விற்று முடிந்து வீட்டுக்குள் போய்விட்ட பொம்மையை அதனால் அநேகமாகத் தொட முடிவதில்லை. இருந்தும் அதன் வெற்றியைக் கடைக்கணக்கில் அளந்துவிட்டு, வீட்டுக்கணக்கில் விழும் குறையைப் பெற்றோரின் அசட்டை என்று தள்ளிவிடுகிறோம். வீட்டிலுள்ள குழந்தைக்குத் திரும்பப் பெறுதலால் உண்டாகும் நிலையான பயன் ஒன்று உண்டு. ஆனால் அது திரும்பி வரும் பொம்மைகளால் வருவதல்ல. ஒவ்வொரு திரும்பப் பெறுதலும் அடுத்த பொம்மையின் சோதனையை மாற்றுவதால் வருவது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உடலைப் பற்றிச் சில சொற்கள். கைக்குழந்தை உலகை வாயால்தான் அறிகிறது. கடைவாய்ப் பற்கள் இன்னும் முளைத்திருக்காது. வாய்க்குள் போனதை அரைத்துச் சிறிதாக்க வழியில்லை. மூச்சுக்குழல் குறுகல். இருமலில் பெரியவர்களுக்கு உள்ள வேகம் இல்லை. காற்றுப்பாதை முழுதாக அடைபட்டால் சில நிமிடங்களுக்குள் மூளை பாதிக்கப்படும். தொண்டைக்குள் பொருள் இறங்கி அடைப்பதும், கிண்ணம் போன்ற பொருள் முகத்தை மூடி அடைப்பதும் மருத்துவர்களுக்கு வெவ்வேறு நிகழ்வுகள். ஒழுங்குமுறைச் சட்டமும் அவற்றைத் தனித்தனியாகவே பார்க்கிறது. திரும்பப் பெறுதல் என்ற நடைமுறையின் முன்னால் இரண்டும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன: எந்தப் பொருள் ஆபத்தானது என்பதை எப்போது, யாருடைய உயிரைக் கொண்டு அறிகிறோம்?

அமெரிக்காவில் இதற்கான அளவுகோல் ஓர் உருளை. 1980 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சிறுபாக விதியின்படி, மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மையோ அதிலிருந்து கழன்ற துண்டோ, அழுத்தாமல் போட்டால் இந்த உருளைக்குள் முழுதாக அடங்கக் கூடாது. உருளையின் உள்விட்டம் 31.7 மி.மீ.; அடிப்பக்கம் சாய்வாக இருப்பதால் ஆழம் 25.4 மி.மீ.யிலிருந்து 57.1 மி.மீ. வரை மாறும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் விரிந்த தொண்டையை ஏறக்குறைய ஒத்த அளவு இது. பொம்மையை அப்படியே உருளையில் போட்டுப் பார்ப்பதோடு சோதனை முடிவதில்லை. குழந்தையின் கையில் பொம்மை படும் பாட்டை ஆய்வகத்தில் நடத்திக் காட்ட வேண்டும். 18 மாதம் வரையுள்ளோருக்கான பொம்மையென்றால் நாலரை அடி உயரத்திலிருந்து, கான்கிரீட் மேல் ஒட்டிய வினைல் தளத்தில் பத்து முறை போடுவார்கள், பிடித்து இழுக்கக்கூடிய பாகங்களைப் பத்துப் பவுண்டு விசையால் இழுப்பார்கள், திருகுவார்கள், நசுக்குவார்கள். இவற்றில் எதிலாவது ஒரு துண்டு கழன்று உருளைக்குள் விழுந்தால் அந்தப் பொம்மையை விற்க முடியாது.

எளிய கருவி, வாதாட இடங்கொடாத கருவி. அதன் நிர்வாகச் சிறப்பே அதுதான். பொம்மை செய்பவர், இறக்குமதி செய்பவர், சுங்க அதிகாரி என எவரும் அதே உருளையை எடுத்து அதே விடையைப் பெறலாம். அமெரிக்கப் பெற்றோருக்குக் கழிப்பறைக் காகிதச் சுருளின் நடுவிலுள்ள அட்டைக்குழலைக் கொண்டு வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும்படி சொல்வதுண்டு. அந்தக் குழல் உருளையைவிட அகலமானது என்பதால் இலவசமான அந்தச் சோதனை சட்டத்தைவிடக் கடுமையானது என்பது ஒரு சுவாரசியமான முரண்.

ஆனால் உருளை வைத்த எல்லைக்கோடுகள் ஒவ்வொன்றையும் யாரோ ஒரு குழந்தை கடந்திருக்கிறது. வயதுக்கோட்டை எடுத்துக்கொள்வோம். 1978இல் மேட்டல் நிறுவனம் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா தொலைக்காட்சித் தொடரை ஒட்டி, சிறு ஏவுகணைகளைச் சுடும் விண்கலப் பொம்மைகளை விற்றது. அந்தக் கிறிஸ்துமஸ் காலத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தொண்டையில் ஏவுகணை சிக்கி உயிரிழந்தான். 1979 ஜனவரியில் நிறுவனம் ஏவுகணைகளைத் திரும்பக் கேட்டது. அனுப்பி வைப்பவருக்கு ஒரு ஹாட் வீல்ஸ் கார் தருவதாகச் சொன்னது. ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த சிறுபாகத் தடை மூன்று வயதோடு நின்றது. அந்தச் சிறுவனுக்கு அது பொருந்தியிருக்காது.

வடிவக்கோடு இன்னும் சிக்கலானது. ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் லிட்டில் பீப்பிள் உருவங்களை அமெரிக்காவில் ஒரு தலைமுறையே கையில் வைத்து வளர்ந்தது. உருண்டைத் தலையும் உருளை உடலும் கொண்ட, விரல் கனமுள்ள மனிதர்கள். 1986இல் வழக்கறிஞர் எட்வர்ட் சுவார்ட்ஸ் எழுதிய, கொல்லும் பொம்மைகளைப் பற்றிய நூலின் அட்டையில் அவை இடம்பெற்றன. 1991இல் நிறுவனம் அவற்றைத் தொண்டைக்குள் போக முடியாத பருமனுக்கு மாற்றியது. பின்னாளைய அமெரிக்கப் பொம்மைத் தரநிலை, உருண்டை முனையுள்ள, 64 மி.மீ.க்கு மேற்படாத சிறு உருவங்களுக்கென்றே தனிச் சோதனை அச்சு ஒன்றை வைத்திருக்கிறது. பந்தின் கதையும் இதுவே. 31.7 மி.மீ. விட்டத்தைத் தாண்டிய பந்து உருளையில் தேறிவிடும். ஆனால் ஈரமான வழுவழுப்பான உருண்டை தொண்டையின் வாயிலில் உட்கார்ந்து அடைக்க அதைவிடப் பெரிதாக இருந்தாலும் போதும். 1994ஆம் ஆண்டின் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் பந்துக்கு மட்டும் அளவை 44.4 மி.மீ.யாக உயர்த்தியது. பலூன், கோலிக்குண்டு, சிறு பந்து, மூன்று முதல் ஆறு வயதினருக்கான சிறுபாகப் பொம்மை ஆகியவற்றின் உறை மீது எச்சரிக்கை இருக்க வேண்டும் என்றும் விதித்தது.

இதற்கு அடுத்த ஆண்டே உருளையின் போதாமையை எண்ணிக்கையோடு காட்டிய ஆய்வு வந்தது. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ரிமெல் குழுவினர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டது. 1972 முதல் 1992 வரை, செயற்கைப் பொருள்கள் அடைத்து இறந்ததாக ஆணையத்தின் ஆவணங்களில் பதிவான 449 குழந்தைகளின் சாவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 29 விழுக்காட்டுக்குக் காரணம் பலூன். அளவெடுத்து ஆராய முடிந்த 101 பொருள்களில் 14, மூன்று வயதுக்குட்பட்டோருக்கான அன்றைய தரநிலையில் தேறக்கூடியவை. ஏழில் ஒன்று! பலூனின் பங்கு இன்னும் யோசிக்க வைக்கிறது. கிழிந்த ரப்பர்த் துண்டுக்கு நிலையான வடிவமே கிடையாது. தொண்டையின் வடிவத்தையே அது எடுத்துக்கொள்கிறது. விறைப்பான உருளையால் நெகிழும் பொருளை அளக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் சட்டம் அங்கே எச்சரிக்கை வாசகத்தோடு நிறுத்திக்கொண்டது. பலூனை யாரும் பெரிய அளவில் திரும்பப் பெறுவதில்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். குறையுள்ள பலூன், குறையில்லாத பலூன் என்ற பாகுபாடே அதில் கிடையாது. திரும்பப் பெறுதல் என்ற நடைமுறை, பொருளில் ஒரு குறை இருக்கிறது என்ற அடித்தளத்தின் மேல் நிற்பது. பொருளின் இயல்பே ஆபத்தானால் அதற்கு மொழியில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். ஆணையத்தைத் தோற்றுவித்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் அதன் கீழ் வந்த விதிகளும், கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடிய குறை தெரியவந்தால் நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. 1990களின் நடுவில் வந்த விரைவுத் தடம் என்ற ஏற்பாட்டின்படி, இருபது வேலைநாளுக்குள் திரும்பப் பெறுதலைத் தொடங்கச் சம்மதிக்கும் நிறுவனத்தின் பொருளில் குறை இருப்பதாக ஆணையம் முதனிலைத் தீர்ப்பு எதுவும் சொல்லாது. காலம் மிச்சமாகிறது, நிறுவனத்துக்கு வழக்குமன்றத்தில் தலைவலி குறைகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. அறிவிப்பின் வாசகம் இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, நிறுவனத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்காமல் அதன் பொருளைப் பெயர் சொல்லி ஆணையம் வாய்திறக்கவும் தடை வைத்திருக்கிறது. ஆகவே பெற்றோர் கடைசியில் படிப்பது ஓர் எச்சரிக்கையை மட்டுமல்ல, ஓர் உடன்படிக்கையையும்தான். அதன் நடை அப்படி அடங்கிப் போயிருப்பதில் வியப்பில்லை.

2010 செப்டம்பர் 30 அன்று வந்த அறிவிப்பை எடுத்துப் பார்க்கலாம். ஃபிஷர்-பிரைஸ் அன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட பல்வகைப் பொருள்களைத் திரும்பப் பெற்றது. அவற்றுள் தவழும் குழந்தைகளுக்கான விளையாட்டு மேடைகளும் இருந்தன. கூடவே காற்றடைத்த பந்து ஒன்று. பந்தின் வால்வு கழன்றுவிடக்கூடும். அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 28 லட்சம். வால்வு கழன்றதாக வந்த புகார்கள் 46. அவற்றுள் 14 முறை வால்வு குழந்தையின் வாய்க்குள் இருந்தது. மூன்று குழந்தைகளுக்கு மூச்சடைக்கத் தொடங்கியிருந்தது. காயம் எதுவும் பதிவாகவில்லை என்று அறிவிப்பு முடிந்தது. அந்தக் கடைசி வாக்கியம் உண்மைதான். பதினான்கு குழந்தைகளின் வாயிலிருந்து யாரோ விரலைவிட்டு எடுத்த வால்வு காயமாகக் கணக்கில் ஏறாது.

28 லட்சத்தில் 46 என்பது ஆய்வகத்தில் சிக்கக்கூடிய விகிதமே அல்ல. பத்து முறை போட்டு, பத்துப் பவுண்டு விசையால் இழுத்துப் பார்க்கும் சோதனை, பல மாதங்கள் கடித்தும் உமிழ்நீரில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் தளர்ந்த ஒட்டைக் காட்டாது. கைக்குழந்தைகளுக்கான பொம்மைகளில் திரும்பப் பெறப்படுபவற்றுள் பல இந்த இனத்தைச் சேர்ந்தவை: கழன்ற சக்கரம், பிரிந்த தையலுக்குள்ளிருந்து வரும் பீப்பி, உடைந்த கிலுகிலுப்பையின் மணி. கிலுகிலுப்பைக்கு 1978லேயே தனி விதியும் 35க்கு 50 மி.மீ. நீள்வட்டத் துளையுள்ள தனி அச்சும் வந்துவிட்டன என்பதை நினைத்தால், ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியே சாவு பதிவாகிய பிறகுதான் அச்சு செய்யப்பட்டிருக்கிறதோ என்று தோன்றுகிறது.

திரும்பி வருபவை எத்தனை? 2017 ஜூலையில் ஆணையம் இது பற்றியே ஒரு பயிலரங்கு நடத்தியது. திரும்பப் பெறப்பட்ட பொருள்களில் மொத்தத்தில் சுமார் 65 விழுக்காடு சரிசெய்யப்படுவதாகவும், நுகர்வோர் கைக்குப் போய்ச் சேர்ந்தவற்றில் அது 6 விழுக்காடு அளவே என்றும் அங்கே முன்வைக்கப்பட்டது. இது எல்லா வகைப் பொருளுக்கும் சேர்த்த கணக்கு. முதல் எண்ணைத் தூக்கி நிறுத்துவது கிடங்கிலும் கடை அலமாரியிலும் கிடந்த சரக்கு. குழந்தை இருக்கும் இடத்துக்குரிய எண் இரண்டாவது. ஒரே அறிக்கையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் முதல் எண்தான் நினைவில் நிற்கும் என்பது நிர்வாகங்களுக்குத் தெரியாததல்ல.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பொம்மையின் ஆயுள் குறுகியது. திரும்பப் பெறும் நாளில் பல பொம்மைகள் ஏற்கெனவே குப்பைக்குப் போயிருக்கும். அறிவிப்பைப் படித்த பலர் விண்ணப்பம் எதுவும் அனுப்பாமல் தூக்கி எறிந்திருப்பார்கள். பர்கர் கிங் அறிவிப்பே எறியத்தான் முதலில் சொன்னது. ஆகவே 6 என்பது உண்மையைவிடக் குறைவான மதிப்பீடாக இருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எறியப்பட்டதா, அண்டை வீட்டுக்குப் போனதா, பரணில் இருக்கிறதா என்று பிரித்தறிய எந்த ஏற்பாடும் இல்லாத நிலையில், இந்த மறுப்பு அபாயம் குறைவு என்று நிறுவுவதில்லை. அபாயம் எவ்வளவு என்று தெரியவில்லை என்பதையே அது நிறுவுகிறது. கைக்குழந்தைப் பொருள்களுக்கு மற்ற பொம்மைகளுக்கில்லாத இன்னொரு குணமும் உண்டு. அவை தேய்வதற்குள் குழந்தை வளர்ந்துவிடுகிறது. அடுத்த குழந்தைக்கு, தங்கை பிள்ளைக்கு, காப்பகத்துக்கு என்று கைமாறுகின்றன. 1993இல் திரும்பப் பெறப்பட்ட மடக்குத் தொட்டில் ஒன்று 1998இல் சிகாகோவில் உரிமம் பெற்ற ஒரு குழந்தைக் காப்பகத்தில் மடிந்து விழுந்து ஒரு குழந்தையின் உயிரைக் குடித்தது. ஐந்தாண்டு இடைவெளி! அந்தக் குழந்தையின் பெற்றோர் தொடங்கிய கிட்ஸ் இன் டேஞ்சர் என்ற அமைப்பின் முயற்சியும் சேர்ந்து, 2008ஆம் ஆண்டின் நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இடம்பெற்றது. தொட்டில், தள்ளுவண்டி, உயர்நாற்காலி போன்ற நீடித்துழைக்கும் மழலைப் பொருள்களோடு அஞ்சற்கட்டணம் செலுத்திய பதிவு அட்டை ஒன்றை உற்பத்தியாளர் வைத்தாக வேண்டும். வாங்கியவர் முகவரி எழுதி அனுப்பினால் திரும்பப் பெறும்போது நேரடியாகத் தகவல் வரும். திரும்பப் பெற்ற பொருளை மறுபடி விற்பதும், பழைய பொருள் கடையில் விற்பதும்கூட, அதே சட்டத்தால் குற்றமானது.

பொம்மைக்கு இந்த அட்டை இல்லை. மலிவான பொருளுக்கு அட்டை சுமையாகிவிடும் என்ற நியாயம் புரிகிறது. ஆயினும் விளைவு வினோதமானது. வாயில் வைப்பதற்கென்றே குழந்தையின் கையில் கொடுக்கப்படும் பொருளுக்கு உரிமையாளர் யாரென்று யாருக்கும் தெரியாது. இந்த இடத்தில் பெற்றோரைக் குறைசொல்வது எளிது. எழுதிப் பழகிய வாக்கியம் அது. அவர்கள் நிலையிலிருந்து பார்த்தால், அறிவிப்பு தங்களுக்கு வந்து சேர வேண்டும். மாதிரி எண்ணைத் தேடிப் படிக்க வேண்டும், அது பெரும்பாலும் எறிந்துவிட்ட அட்டைப்பெட்டியின் மேல் இருந்திருக்கும். பிறகு சில டாலர் பொம்மைக்காகப் படிவம் நிரப்பி, சில வாரம் காத்திருக்க வேண்டும். பரிகாரத்தின் மதிப்பை நிர்ணயிப்பது பொம்மையின் விலை. ஆபத்தின் அளவு அந்தக் கணக்கில் எங்கும் நுழைவதில்லை. வறுவலும் ஹாட் வீல்ஸ் காரும் கேலிக்குரியவையாகத் தோன்றினாலும், ஒரு வகையில் அவை பிந்தைய படிவங்களைவிட நேர்மையான முயற்சிகள். பொம்மையின் விலைக்கு மேல் ஏதோ ஓர் ஆசை காட்டினால்தான் அது திரும்பும் என்பதை அவை உணர்ந்திருந்தன. தவறியது ஆசையின் அளவில்.

வாங்கியவர் யாரென்று தெரியாது என்ற சாக்கும் இப்போது பழசாகிவிட்டது. இணையத்தில் விற்கும் பெருநிறுவனத்திடம் ஒவ்வொரு பொம்மையும் எந்த வீட்டு வாசலுக்குப் போனது என்ற விவரம் இருக்கிறது. 2024 ஜூலையில் ஆணையம், தன் கிடங்கிலிருந்து பிறர் சரக்கை அனுப்பிக்கொடுக்கும் அமேசான் வெறும் இடைத்தரகர் அல்ல, சட்டப்படி விநியோகஸ்தர் என்று முடிவுசெய்தது. நிறுவனம் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஓரடி முன்னே போயிருக்கிறது. 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் உள்ள பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குவிதி, அடையாளம் காணக்கூடிய நுகர்வோர் அனைவருக்கும் நேரடியாகத் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது; வாடிக்கையாளர் சலுகைத் திட்டத்துக்காகச் சேர்த்த முகவரியையும் இதற்குப் பயன்படுத்தியாக வேண்டும். பழுதுநீக்கம், மாற்றுப் பொருள், பணம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டையாவது தெரிவுக்குத் தர வேண்டும். அறிவிப்பில் தன்னார்வமாக, முன்னெச்சரிக்கையாக என்பன போன்ற ஆபத்தை மெலிதாக்கும் சொற்களுக்குத் தடை. அமெரிக்க அறிவிப்புகளைப் படித்துப் பழகியவருக்கு அந்தத் தடையின் அருமை தெரியும்.

நேரடித் தகவல் பெருகினால் புலி வருது கதையாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகலாம். ஆனால் தான் வாங்கிய பொம்மையைப் பற்றித் தனக்கு வரும் ஒரு கடிதத்தையும், ஊரார் எல்லோருக்கும் பொதுவாக எங்கோ ஒட்டப்படும் நூறு அறிவிப்புகளையும் ஒன்றாக வைக்க முடியாது. சலிப்பை உண்டாக்குவது பின்னதே. உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் ஆணையம், திரும்பப் பெறும் அறிவிப்புக்குப் பதிலாகத் தன்னிச்சையான எச்சரிக்கைகளை மிகுதியாக வெளியிடுகிறது. விற்றவர் கடல் கடந்த ஓர் இணையக் கடைப்பெயர். கடிதத்துக்குப் பதில் இல்லை. பொருளைப் பயன்படுத்தாதீர்கள், எறிந்துவிடுங்கள் என்று அரசே சொல்லி முடிக்க வேண்டியிருக்கிறது. திரும்பப் பெறுவதற்கு ஓர் ஆளே இல்லாத நிலை இது.

அந்த நிலை நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டுத் திருவிழாக் கடையில் தொங்கும் கிலுகிலுப்பைக்கும் ஊதலுக்கும் செய்தவர் பெயரோ தொகுதி எண்ணோ இருந்ததில்லை. இந்தியத் தரக் கவுன்சில் 2019இல் நடத்திய சோதனையில் இறக்குமதிப் பொம்மைகளில் 66.9 விழுக்காடு தேறவில்லை. அதையடுத்து 2020ஆம் ஆண்டின் பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை வந்து, 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் குழந்தையின் தொண்டைக்கு மரபும் இறக்குமதியும் வேறுவேறல்ல என்பதையும் மறைக்க முடியாது. திரும்பப் பெறச் செய்யும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது: 2016ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டத்திலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவிலும். முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண், செய்தவர் யாரென்று சொல்லும். வாங்கியவர் யாரென்று சொல்லும் ஏற்பாடு இங்கும் இல்லை.

இனி முன்பே சொன்ன நிலையான பயனுக்கு வருகிறேன். போக்கிமான் பந்துக்குப் பிறகு அமெரிக்கத் தரநிலையில் அரைக்கோள வடிவப் பொருள்களுக்கென்று தனிப்பிரிவு சேர்ந்தது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மையில் 64 முதல் 102 மி.மீ. வரை உள்வாய் அகலமும், 177 மி.லி.க்குக் குறைந்த கொள்ளளவும், 13 மி.மீ.க்கு மேற்பட்ட ஆழமும் கொண்ட கிண்ணம் இருந்தால், முகத்தில் ஒட்டிக்கொண்டாலும் காற்றுப் போக வழியிருக்கும்படி துளையோ வேறு அமைப்போ வேண்டும். பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 8124இன் முதற்பகுதியிலும் அரைக்கோளப் பொம்மைகளுக்கு விதி உண்டு. இந்தியாவின் ஐ.எஸ். 9873 முதற்பகுதி அந்தப் பன்னாட்டுத் தரநிலையைப் பின்பற்றியது. கட்டாய முத்திரை பெற்று இங்கே விற்கப்படும் அடுக்குக் கிண்ணப் பொம்மையின் அடியில் ஒரு துளை இருந்தால், அதற்கு இப்படியும் ஒரு முன்கதை உண்டு. பர்கர் கிங் கடைகளுக்குத் திரும்பிய பந்துகள் எத்தனை என்ற கணக்கு அந்தத் துளையின் முன் சிறியதாகிப் போகிறது.

இந்தப் பயன் கிடைக்க ஒரு முன்நிபந்தனை வேண்டும். எந்தப் பொருள், எந்த வடிவத்தில், எந்த வயதுக் குழந்தைக்கு அடைத்தது என்பது எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். ரிமெல் குழுவினரால் 449 சாவுகளை ஆராய முடிந்ததற்கும், 101 பொருள்களை அளவெடுக்க முடிந்ததற்கும் காரணம் ஆணையம் அவற்றைப் பொருள்வாரியாகத் தொகுத்து வைத்திருந்ததுதான். 1994ஆம் ஆண்டுச் சட்டம் மூச்சடைப்பு நிகழ்வு தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமையை உற்பத்தியாளர் முதல் சில்லறை விற்பனையாளர் வரை எல்லோர் மேலும் சுமத்தியதும் இதற்காகவே. இந்திய மருத்துவமனைகளில் குழந்தைகளின் மூச்சுக்குழலிலிருந்து எடுக்கப்படும் பொருள்களில் வேர்க்கடலையே முன்னிற்கிறது. பொம்மையை அதற்குமேல் வைத்துப் பேசுவது மிகையாகும். ஆனால் விசில், பொம்மையிலிருந்து கழன்ற எல்.இ.டி. பல்பு என்று பொம்மைப் பாகங்களும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அறிக்கைகளில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவை மருத்துவ இதழில் ஓர் அரிய நேர்வாக வெளியாகி அங்கேயே நின்றுவிடுகின்றன. தரநிலையை எழுதும் குழுவின் மேசைக்குப் போக அவற்றுக்குப் பாதை இல்லை.

இறப்புக் காரணத்தைக் குறிக்கப் பயன்படும் பன்னாட்டு நோய்ப் பட்டியலின் பத்தாம் திருத்தத்தில், உணவு அடைத்தால் டபிள்யூ 79, வேறு பொருள் அடைத்தால் டபிள்யூ 80. வேறு பொருள் என்பது பொம்மையா, பட்டன் பேட்டரியா, பேனா மூடியா என்பதை அந்தக் குறியீடு சொல்லாது. மூச்சுக்குழலிலிருந்து எடுத்த பொருளின் பெயர், நீள அகலம், உரிம எண் இருந்தால் அது, குழந்தையின் வயது ஆகிய நான்கையும் அறுவைக்கூடக் குறிப்பேட்டிலிருந்து ஒரு படிவத்தில் எடுத்தெழுதித் தர நிர்ணய அமைவனத்துக்கு அனுப்பப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. மாநிலச் சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தொடங்கலாம்.